‘நீங்களே செயலாளரா இருங்க சார்’ என்று கேட்டால்: நாணய, தபால்தலைக் கழகப் பொறுப்புகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பொதுக்குழு முடிந்து வடையும் டீயும் வருகிற அந்தக் கால் மணி நேரம்தான் ஆபத்தானது. பழைய செயலாளர் பக்கத்தில் வந்து உட்கார்வார். “ரிட்டயர் ஆகிட்டீங்க, வீடும் பக்கத்துலயே இருக்கு, நாலு பேரு உங்க பேச்சைக் கேப்பாங்க. நீங்களே செயலாளரா இருங்க சார். மாசம் ஒரு மீட்டிங்தானே, ரெண்டு மணி நேர வேலை” என்பார்.

எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு அட்டைப்பெட்டியை ஏற்றிவிட்டார்கள். உள்ளே பழைய ரசீதுப் புத்தகங்கள், பாதி எழுதிய மினிட் புத்தகம் (கூட்டத்தில் நடந்ததை எழுதி வைப்பது), மை காய்ந்த ரப்பர் ஸ்டாம்ப், யாருடையது என்று தெரியாத ஒரு பூதக்கண்ணாடி.

முதல் வருடம் முழுக்க, கழக வேலைக்குப் போன நேரத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். “இதுக்குத்தான் ரிட்டயர் ஆனீங்களா?” என்று வீட்டில் கேட்டதற்கு பதில் சொல்லத்தான். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது மாதம் இரண்டரை மணி நேரம். கூட்டத்துக்கு வெளியே போனது சராசரியாகப் பதினான்கு மணி. கண்காட்சி நடந்த மாதத்தில் அறுபதைத் தாண்டியது. பொறுப்புக்கு வரச் சொல்பவர்கள் கூட்ட நேரத்தை மட்டும்தான் கணக்கில் சொல்வார்கள். மீதியை நாமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிக் கேட்பது, தெரிந்தபின் எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எங்களுடையது ஐம்பது அறுபது பேர் உள்ள நாணய, தபால்தலைக் கழகம். பறவை பார்ப்பவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், மாடித்தோட்டம் போடுபவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்திலும் பெட்டிக்குள் இருக்கும் சாமான்தான் வேறு.

படி 1: ‘சரி’ சொல்வதற்கு முன்

நான்கு காகிதங்களைக் கேளுங்கள்: துணைவிதிகள் (எல்லோரும் பைலா என்பார்கள்), கடைசியாகத் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு, வங்கி பாஸ்புக், சந்தா பாக்கியோடு சேர்ந்த உறுப்பினர் பட்டியல். நான்கும் ஒரு வாரத்துக்குள் கைக்கு வந்தால் நல்ல கழகம். “எல்லாம் இருக்கு சார், எடுத்துத் தர்றேன்” என்று மூன்று வாரம் இழுத்தால், அதைத் தேடி எடுப்பதே உங்கள் முதல் வேலையாக இருக்கப் போகிறது.

கழகம் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் இது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் வரும். பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். செயற்குழுவில் 3 பேருக்குக் குறையக்கூடாது. ஒரு செயற்குழுவின் காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. அதே ஆட்கள் மறுபடி தேர்வாகி வரலாம். ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். கடைசியாக எந்த ஆண்டுக்குத் தாக்கல் ஆகியிருக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. நான்கு வருட பாக்கி இருந்தது. அதைச் சரிசெய்ய ஆறு நடை, ஒரு ஆடிட்டர், தாமதக் கட்டணம். கழகப் பணத்தில்தான் கட்டினோம் என்றாலும், வெயிலில் போய் நின்றது நான்தான்.

கடைசியாக ஒரு கேள்வி: “போன வருஷம் வேலையை உண்மையில் யார் செய்தது?” நோட்டீஸில் பதினோரு பேர் பெயர் இருக்கும். வேலை செய்தவர்களை விரல் விட்டு எண்ணினால் மூன்று பேர்தான் நிற்பார்கள். அந்த மூன்று பேரில் எத்தனை பேர் உங்களோடு தொடர்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அப்புறம் தலையை ஆட்டுங்கள்.

படி 2: பொறுப்பைக் கையில் வாங்குவது

பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள். பழையவரும் நீங்களும் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ரசீதுப் புத்தகம் என்றால் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை என்பதையும் எழுத வேண்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும். பழையவர் நெருங்கிய நண்பராக இருந்தால் கூச்சமாகவும் இருக்கும். இருந்தாலும் எழுதுங்கள். “அந்த ஆல்பம் கழகத்துல இருந்துச்சே” என்று இரண்டு வருடம் கழித்து ஒருவர் கேட்கும்போது, அந்தத் தாள் இல்லையென்றால் உங்களிடம் பதில் இருக்காது.

வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றுவது இன்னொரு வேலை. தீர்மான நகல், கழகத்தின் பான் எண், புதிய பொறுப்பாளர்களின் ஆதார், போட்டோ எல்லாம் கேட்பார்கள். எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. அதுவரை பழைய பொருளாளர்தான் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அவரைக் கோபித்துக்கொள்ளாமல் வழியனுப்புங்கள்.

படி 3: செயலாளரின் ஒரு மாதம்

எங்கள் கூட்டம் இரண்டாவது ஞாயிறு. அதை வைத்து மாதத்தைப் பிரித்தால் இப்படி வரும்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஹாலை உறுதி செய்ய வேண்டும். பள்ளிக்கூட ஹால் என்றால் சாவி வைத்திருக்கும் வாட்ச்மேன் அன்று ஊரில் இருப்பாரா என்பதையும் கேட்க வேண்டும். தலைமையாசிரியர் சொன்ன சரியை நம்பி, பூட்டிய கேட்டுக்கு வெளியே நாற்பது பேரோடு நின்றிருக்கிறேன். பேசுபவரை முடிவு செய்வதும் அந்த வாரம்தான். பத்து நாள் முன்பு அறிவிப்பு போகும். வாட்ஸ்அப்பில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று நினைப்போம். எங்கள் கழகத்தில் ஏழு பேருக்கு இன்னும் தபால் கார்டுதான். தபால்தலைக் கழகத்தில் அது நியாயம்தானே! முதல் நாள் நினைவூட்டல். கூட்டத்தன்று முக்கால் மணி முன்னதாகப் போய் மேசை போட வேண்டும், முடிந்தபின் எல்லோரும் போனதும் ஃபேனை அணைக்க வேண்டும். அடுத்த மூன்று நாளுக்குள் மினிட் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் யார் என்ன சொன்னார் என்பது மறந்துவிடும், பிறகு எழுதுவதில் பாதி கற்பனையாகிவிடும்.

இதெல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம். மிச்சம் ஆறு மணி நேரத்தைத் தின்பது போன்.

கழகத்தின் போன் எண் எங்காவது அச்சாகிவிட்டால் போதும். “சார், டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபா நோட்டு இருக்கு, லட்சக்கணக்குல போகுமாமே?” “வைஷ்ணோதேவி படம் போட்ட காசு இருக்கு, யூடியூப்ல பாத்தேன்.” வாரத்துக்கு நான்கைந்து பேர். சிலர் ஏற்கெனவே ‘பதிவுக் கட்டணம்’ என்று யாருக்கோ பணம் அனுப்பிவிட்டுத்தான் நம்மைக் கூப்பிடுவார்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணயம் வாங்குவதாகக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. எனக்குக் கைகொடுத்தது ஒரு வழி: அந்த எச்சரிக்கையையும், சாதாரண நோட்டுகளுக்கு உண்மையில் என்ன விலை கிடைக்கும் என்பதையும் நான்கு வரியில் எழுதி போனில் வைத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கு அப்படியே அனுப்பிவிடுவேன். இருந்தாலும், அப்பாவின் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு ஆசையோடு பேசுகிற ஒருவரிடம் இரண்டு நிமிடம் கூடப் பேசாமல் வைக்க மனம் வராது. அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

மாணவர்களின் பெற்றோர்கள் வேறு வகை. தபால் துறையின் தீன் தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகை பற்றிக் கேட்பார்கள். 6 முதல் 9-ஆம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். பள்ளியில் தபால்தலைக் கழகம் இருந்து அதில் பிள்ளை உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளையின் பெயரில் தபால்தலை வைப்புக் கணக்கு (புதுத் தபால்தலைகளை வாங்க முன்பணம் கட்டி வைப்பது) இருக்க வேண்டும். அந்தக் கணக்கை 200 ரூபாயில் தொடங்கலாம். இந்த போன்களை நான் அலுப்பாக நினைத்ததில்லை. எங்கள் கூட்டத்துக்கு வரும் சிறுவர்களில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்.

படி 4: பொருளாளர்

மாதம் ஐந்தாறு மணி நேரம் போதும், ஒரே ஒரு பழக்கம் இருந்தால்: அன்றைய கணக்கை அன்றே எழுதுவது. கூட்டத்தில் சந்தா வாங்கும்போது ரசீது போடாமல் “அப்புறம் தர்றேன்” என்று சொன்னால், அந்த அப்புறம் மார்ச் 31-இல்தான் வரும்.

இப்போதைய பெரிய தலைவலி ஜிபே. பொருளாளரின் சொந்த எண்ணுக்கு எல்லோரும் சந்தா அனுப்புவார்கள். அவருடைய பால் பாக்கியும் பேரனின் ஃபீஸும் கழகச் சந்தாவும் ஒரே கணக்கில் ஓடும். யாரும் தப்புச் செய்ய வேண்டாம், குழம்பினாலே போதும், பெயர் கெட்டுவிடும். கழக வங்கிக் கணக்குக்கு ஒரு க்யூஆர் கோடு வாங்கி, அட்டையில் ஒட்டி, கூட்ட மேசையில் வையுங்கள். ஒரு காலைப் பொழுது வங்கியில் போகும். அப்புறம் மாதாமாதம் இரண்டு மணி நேரம் மிச்சம். செலவுக்கு வவுச்சர் கண்டிப்பாக வேண்டும், டீக்கடைக்காரர் பில் தராவிட்டாலும். அவர் பெயர், தொகை, தேதி எழுதி ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

படி 5: ஏலம்

கூட்டத்துக்கு ஆட்கள் வருவதே இதற்குத்தான். உறுப்பினர்கள் தங்களிடம் கூடுதலாக இருப்பதைக் கொடுப்பார்கள். விற்றால் எங்கள் கழகத்துக்கு 5 சதவீதம். வெளியில் இருந்து பார்க்க ஜாலியாக இருக்கும். ஆனால் நேரத்தை அதிகம் விழுங்குவதும், மனஸ்தாபம் முளைப்பதும் இங்கேதான். இதற்குத் தனியாக ஒருவரை நியமியுங்கள். செயலாளரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் அவர் ஒரு வருடத்தில் ஓடிவிடுவார்.

60 லாட் (ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு உருப்படியும் ஒரு லாட்) என்றால் ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, எண், விவரம், தரம், ஆரம்ப விலை எழுத மூன்று நிமிடமாவது ஆகும். அதுவே மூன்று மணி நேரம். ஏலம் முடிந்ததும் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு ஒரு மணி நேரம். விற்காததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு மேல், சாமான் அசலா என்று பார்க்க வேண்டும்.

ஒரு மாதம், ஓர் உறுப்பினர் 1939 என்று ஆண்டு போட்ட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தார். சேகரிப்பவர்களுக்கு அந்த ஆண்டைக் கேட்டாலே காது நிமிரும். 11.66 கிராமில், 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் அது. 1940 முதல் வெள்ளி ஐம்பது சதவீதமாகிவிட்டது. 1939 நாணயம் கண்ணில் படுவதே அபூர்வம் என்பதால் போலிகள் நிறைய. தராசில் வைத்தேன், எடை சரியாக இருந்தது. நிறமும் சரி, விளிம்பும் சரி. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோதுதான், கடைசி 9-ஐச் சுற்றி மட்டும் நாணயத்தின் பரப்பு லேசாகத் தேய்ந்து பளபளத்தது தெரிந்தது. மற்ற மூன்று எண்களைச் சுற்றி எழுபது எண்பது வருட அழுக்கு அப்படியே இருந்தது. யாரோ கடைசி எண்ணை மட்டும் மாற்றி 9 ஆக்கியிருக்கிறார்கள். நாணயம் அசல், ஆண்டு போலி.

அவர் அதை ஒரு சந்தையில் நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார். கூட்டத்தில் வைத்துச் சொல்ல முடியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், லென்ஸைக் கையில் கொடுத்து, “அண்ணே, நீங்களே பாருங்க” என்றேன். வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. காபி வந்தது, குடித்தேன், கிளம்பினேன். ஆறு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. நோட்டில் ‘ஏலப் பொருள் சரிபார்ப்பு: 3 மணி’ என்றுதான் எழுதினேன்.

சட்டத்திலும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தொல்பொருள்கள் மற்றும் கலைப்பொருள்கள் சட்டம் 1972-இன்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. துபாயில் இருக்கும் மச்சானுக்குப் பார்சல் போடலாமா என்று கேட்பவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாவது, மண்ணுக்குள் கிடைத்தது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் சங்க காலச் சேரர் காசுகள் கிடைத்த கதை சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் “ஆத்துல கிடைச்சது” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பொருளை ஏலத்தில் வைக்காதீர்கள்.

படி 6: கண்காட்சி

வருடத்துக்கு ஒன்று, இரண்டு நாள். முதன்முறை பொறுப்பேற்பவர்கள் ஒரு வருடம் விட்டுவிட்டு நடத்தினால் குடி முழுகிவிடாது என்பது என் கருத்து. மூத்தவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கணக்கு இதுதான். தபால்தலைக் கண்காட்சிச் சட்டகம் ஒன்றில், தபால்தலைகள் பொருத்திய 16 தாள்கள். 40 சட்டகம் என்றால் 640 தாள்கள். ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல், மடங்காமல் செருக வேண்டும். நான்கு பேர் சேர்ந்து முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணிக்கு முடியும். பிரிப்பதற்கு அதில் பாதி நேரம், ஆனால் அப்போது ஆள் கிடைக்காது. பரிசளிப்பு முடிந்ததும் ஹால் காலியாகிவிடும். பிரிப்பதற்கென்று நான்கு பேரை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறப்பு உறை (நிகழ்ச்சிக்கென்று தனியாக அச்சிட்டு, தனி முத்திரை குத்தும் தபால் உறை) வெளியிட வேண்டுமென்றால் தபால் துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். உறைக்கான வடிவம், முத்திரையின் வடிவம், எதைப் பற்றியது என்ற குறிப்பு எல்லாம் மேலே போய் ஒப்புதலாகி வர வேண்டும். நான் மூன்று மாதம் முன்பு ஆரம்பித்தேன், அப்படியும் உறை அச்சாகி வந்தது முதல் நாள் ராத்திரி. பொருள் உள்ளூர் சார்ந்ததாக இருந்தால் கண்காட்சிக்குக் கூட்டம் வரும். ஊர்க் குளம், நூறு வருடப் பள்ளி, நெசவு என்று யோசியுங்கள்.

நாணயம் வைத்தால் ராத்திரிக் காவல் வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஆனாலும் இரண்டு பேர் ஹாலிலேயே படுக்க வேண்டிவரும். நானும் எங்கள் பொருளாளரும் படுத்தோம். கொசுவர்த்திப் புகை, கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜராஜன் காசுகள், பக்கத்தில் அவர் குறட்டை. நடுராத்திரி எழுந்து, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று டார்ச் அடித்து மூன்று முறை பார்த்தேன்.

படி 7: தலைவரும் மற்றவர்களும்

தலைவருக்கு மாதம் மூன்று மணி நேரம் போதும். கூட்டத்தை நேரத்துக்கு ஆரம்பித்து நேரத்துக்கு முடிப்பதும், மூத்த உறுப்பினர்கள் இருவர் முட்டிக்கொண்டால் நடுவில் போவதும்தான் வேலை. கடிதங்களில் கையெழுத்துப் போட எளிதில் கிடைப்பவராக இருக்க வேண்டும். ஊர்ப் பிரமுகரைத் தலைவராகப் போட்டால் கண்காட்சிக்கு நன்கொடை வரும், கையெழுத்துக்கு அவர் வீட்டு வாசலில் காத்திருக்கவும் நேரும். துணைத் தலைவர், இணைச் செயலாளர் பதவிகளை மரியாதைக்கென்று வைத்திருக்கிறோம். அவர்களுக்கு ஏலம், ஹால், சிறுவர் பிரிவு என்று குறிப்பிட்ட வேலை ஒன்றைக் கொடுத்தால்தான் பதவிக்கு அர்த்தம்.

படி 8: ஆண்டுக் கணக்கு

ஏப்ரலில் புத்தகத்தை மூடி ஆடிட்டரிடம் கொடுங்கள். பொதுக்குழுவுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பேர் கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகை) என்பது துணைவிதியில் இருக்கும். அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுங்கள். வருகைக் கையெழுத்து, கணக்குக்கு ஒப்புதல், புதிய செயற்குழுத் தேர்வு எல்லாம் மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும். பிறகு பதிவாளர் அலுவலகம். செயற்குழு மாறினால் அதையும் அங்கே தெரிவிக்க வேண்டும். செயலாளர், பொருளாளர் இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாக்கல் செய்ததற்கான ரசீதை மூன்று பேர் போனில் போட்டோ எடுத்து வைத்திருப்பது நல்லது.

படி 9: விட்டுக்கொடுப்பது

இரண்டாவது வருடத்தின் நடுவிலேயே அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பியுங்கள். கடைசிப் பொதுக்குழுவில் தேடினால், வடையும் டீயும் வரும் நேரத்தில் யார் தோளையாவது பிடிக்க வேண்டிவரும். நான் கண்டுபிடித்தவர் ஒரு மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார், வயது முப்பத்தைந்து. ஆறு மாதம் அறிவிப்பு அனுப்புவதை மட்டும் அவரிடம் விட்டேன். அப்புறம் ஹால். அப்புறம் மினிட். செயலாளராக வரச் சொல்லிக் கேட்கும்போது அந்த நாற்பது பக்க நோட்டை அவர் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “போன் வேலை என்னால முடியாது சார், கடையில ஆளு நிப்பாங்க” என்றார். சரி, போனை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி மிச்சத்தைக் கொடுத்தேன். இன்றும் டிராக்டர் நோட்டு போன்கள் எனக்குத்தான் வருகின்றன.

பெட்டியை ஒப்படைத்த அன்று பட்டியல் எழுதினோம். ரசீதுப் புத்தகங்கள், எண் 401 முதல் 650 வரை. மினிட் புத்தகம் இரண்டு. தராசு ஒன்று. ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று, புதிது. பூதக்கண்ணாடி ஒன்று, உரிமையாளர் தெரியவில்லை.